வக்கீல் வீட்டு மூட்டை

பெருந்தேவி என்பது அவள் பெயர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்தாம் வகுப்பு படித்துவந்தாள். எதையும் எறியாள் என்பது அவளது முதற்பழக்கம். எதற்கும் ஒரு விதி எழுதிவைப்பாள் என்பது இரண்டாவது. அறுந்த செருப்பின் வார் அவளது புத்தகக் கட்டுக்குப் பட்டையாகும். பால்கோவா சுற்றிவந்த தாள், நெய்ப் பிசுக்கோடு கணக்கு நோட்டுக்கு உறையாகும். எறும்பு மொய்ப்பதைக் கண்டே அது யாருடைய நோட்டு என்று ஆசிரியை அறிந்துகொள்வார்.

1988ஆம் ஆண்டின் இறுதியில், பள்ளியிலிருந்து இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றைக் காணச் சென்றார்கள். தரையில் உதிர்ந்த பஞ்சையும் வீணாக்காமல் கூட்டி அள்ளி மூட்டை கட்டுவதைப் பெருந்தேவி அங்கே கண்டாள். திரும்பி வரும் பேருந்திலேயே 'பழந்துணிக் காப்புக் கழகம்' பிறந்துவிட்டது. தலைவி அவளே. போகியன்று பழந்துணிகளைக் கொளுத்தாமல் மூட்டை கட்டி வாசலில் வைக்கும்படி வீடுவீடாகச் சொல்லி வந்தார்கள். அவற்றைத் திணித்து, பால்வாடிக் குழந்தைகளுக்கு ஆறு மெத்தைகள் தைப்பதாக ஏற்பாடு. தலைமையாசிரியை இசைந்தார். ஆனால், "ஒரு வீட்டிலேருந்து புகார் வந்தாலும் கழகத்தைக் கலைச்சிருவேன்" என்று ஒரு வாலும் சேர்த்தார்.

பெருந்தேவி விதி எழுதினாள்: 'விடியுமுன் செல்க. வீட்டுக்கு ஒரு மூட்டை மட்டும் எடுக்க. கொடுத்த துணியைக் குறை கூறற்க.'

ஒன்றை மட்டும் அவள் எண்ணிப் பார்க்கவில்லை. பண்டிகைக்கு முன்பு அழுக்குத் துணியை மூட்டை கட்டி, சலவைக்கடை ஐயாதுரை எடுத்துப்போவதற்காக விடியற்காலையில் வாசலில் வைப்பது வக்கீல் பாஷ்யம் குடியிருந்த தெருவின் வழக்கம். அவர் வாசலில் அன்று இரண்டு மூட்டைகள் இருந்தன. விதிப்படி பெருந்தேவி ஒன்றை எடுத்தாள். பின்னால் வந்த ஐயாதுரை மற்றதை எடுத்துப் போனார்.

தோழி முத்துப்பேச்சியின் வீட்டில் துணிகளை வெட்டித் திணித்தார்கள்.

"ஏட்டி, வக்கீல் வீட்டுப் பழசைப் பாரு! இதெல்லாம் பழசுன்னா நாம போட்டிருக்கதுக்கு என்னட்டி பேரு?" என்றாள் முத்துப்பேச்சி.

"மூணாம் விதி" என்று சொல்லி, பெருந்தேவி ஒரு நல்ல சட்டையை நான்காக வெட்டினாள்.

அடியில் அகலமான கறுப்புத் துணி ஒன்று கிடந்தது.

"குடைத்துணியா இருக்குமோ?" என்றாள் முத்துப்பேச்சி.

"குடைக்குச் சட்டை மாதிரி கை உண்டா?"

"பெரிய குடைக்கு இருக்கும்."

அது வெட்டுப்படாமல் மடிந்து ஆறாவது மெத்தைக்குள் போயிற்று.

பொங்கல் விடுமுறை கழிந்து, பள்ளி திறந்த அன்று காலையில் ஆறு மெத்தைகளும் பால்வாடிக்குப் போய்ச் சேர்ந்தன. நண்பகலில் தோழியர் இருவரும் சலவைக்கடையைக் கடந்தபோது, வக்கீல் ஒரு பனியனை விரித்துப் பிடித்திருந்தார். அதன் நடுவேயிருந்த ஓட்டையில் அவருடைய முகம் முழுவதும் தெரிந்தது.

"ஐயாதுரை, இதுல கழுத்து எது, கை எது?"

"அது உங்க சௌகரியம்யா. குடுத்ததை வெளுத்தேன், நீலம் போட்டேன், ஓட்டையைச் சுத்தி ஒரு சுருக்கம் இல்லாமத் தேச்சேன். பாருங்க."

"என் கவுன் எங்கேய்யா? நாளைக்குக் கேஸ் இருக்கு. இந்த அடுப்படித் துணியைப் போத்திக்கிட்டா கோர்ட்ல நிக்கிறது?"

"ரெட்டைக் கஞ்சி போட்டிருக்கேன். நீங்க உக்காந்தாலும் துணி நிக்கும்யா."

வக்கீல் சிரிக்கவில்லை. "சாயங்காலத்துக்குள்ள கவுன் வரலேன்னா, இந்தத் தெருவுல ஒரு வீட்டுத் துணியும் உனக்கு வராது. பாத்துக்கோ" என்று சொல்லிப் போய்விட்டார்.

ஐயாதுரை அந்தப் பனியனை எடுத்து, பழைய மடிப்பிலேயே மறுபடியும் மடித்துவைத்தார்.

குடைக்குக் கை முளைத்த காரணம் பெருந்தேவிக்கு இப்போதுதான் விளங்கிற்று. இருவரும் பால்வாடிக்கு ஓடினார்கள்.

அங்கே உணவுண்ட குழந்தைகள் மெத்தைகளின் மேல் உறங்கிக்கொண்டிருந்தன. ஆறாவது மெத்தையில் வேல்சாமி என்னும் மூன்று வயதுக் குண்டன் குப்புறக் கிடந்தான். பெருந்தேவி குனிந்து, மெத்தையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். உள்ளே கவுனின் கொசுவம் கையில் பட்டது.

"அவனைத் தொட்டே, தொலைச்சுப்புடுவேன்!" என்று ஆயா பாலம்மாள் கரண்டியோடு வந்தாள். "இம்புட்டு நாளும் சிமெண்டுத் தரையில பொரண்டு பொரண்டு அழுத பய. இன்னைக்குத்தான் செத்த நேரம் கண்ணசந்திருக்கான்."

முத்துப்பேச்சி தோழியின் காதோடு சொன்னாள்: "வாயைத் தொறக்காதட்டி. கவுனை எடுத்து அவிய வாசல்ல வச்சிட்டு ஓடிருவோம். நாமதான்னு யாருக்குத் தெரியும்? கழகமும் பொழைக்கும்."

"ஐயாதுரை திருடி வச்சிருந்து, பயந்து போட்டுட்டார்னு எல்லாரும் சொல்லுவா. வெட்டின சட்டைக்கு அவர் என்னத்தைக் காட்டுவார்?"

வேல்சாமி உறக்கத்தில் ஒருமுறை புரண்டு, மெத்தையை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டான்.

பெருந்தேவி பென்சில் சீவும் பிளேடைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மெத்தையின் அருகே சம்மணமிட்டு அமர்ந்தாள்.

"இவன் முழிச்சுக்கட்டும். பிரிச்சு எடுத்துண்டு, நானே வக்கீல் மாமாகிட்டப் போய்ச் சொல்லிடறேன். அப்புறம் பெரிய டீச்சர்கிட்டயும் சொல்லிடறேன்" என்றாள்.