சரியென்று சொன்ன பிழை

கூடத்தில் கிடத்தியிருந்த ஸுஹைபின் மையித்துக்குக் காற்றுப் படட்டும் என்று பெரிய ஃபேனைக் கொண்டுவந்து வைத்தவர்கள், வேறு பிளக் இல்லாததால் ரவுட்டரின் வயரைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தபோதுதான் கமறியாவுக்கு அது தெரிந்தது. இணைப்பு இல்லை என்று திரை சொன்னது.

விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்கப் போன அவள் கணவன் ஸுஹைப் குளியலறை வாசலிலேயே விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வேன் பாதி வழியிலேயே மையித்தோடு திரும்பி வந்தது. குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிக் கிடத்தியாகிவிட்டது. பகல் லுஹர்த் தொழுகையோடு அடக்கம். மாம்புரி ஊரில் பாதி முற்றத்தில் நின்றது.

அவளுக்கும் வெள்ளை உடுத்தி, கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவில் உட்கார வைத்துவிட்டார்கள். இனி அந்நிய ஆண்களோடு பேச்சு வார்த்தை கிடையாது. அவளுக்கோ, முகம் தெரியாத அந்நியர் ஒரு கூட்டத்தோடு உடனே பேசியாக வேண்டியிருந்தது.

ஸுஹைப் சம்பளத்துக்கு வேலை செய்தது புத்தளத்தில் ஒரு கம்பியூட்டர் கடையில். சம்பளமில்லாமல் மாரடித்தது ஒரு கம்பைலரோடு. மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்தின் பாஷைக்கு மாற்றிக் கொடுக்கிற மென்பொருள் அது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதில் பிழை கண்டவர்கள் இணையத்தில் ஓரிடத்தில் அறிக்கை எழுதிப் போடுவார்கள். எழுதியது மெய்யா என்று பார்த்து, திருத்தத் தெரிந்த ஒருவரின் தலையில் அதைக் கட்டி, திருத்தி வந்ததைச் சோதித்துச் 'சரி' சொல்லி அறிக்கையை மூடுவது இவன் பொறுப்பு. இவன் சரி என்றால் அங்கே மறுபேச்சில்லை. அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

நேற்றுப் படுக்கப் போகுமுன் சொன்னான். "நான் சரின்டு சொன்ன திருத்தம் ஒன்டு பிழ, கமறியா. கணக்க மாத்திப் போடுது. சத்தமும் போடாது. மிஷின் பேசாமப் பிழையாச் செய்யும்."

நோயாளிக்கு மருந்து ஏற்றுகிற கருவி செய்பவர்கள்கூட இந்தக் கம்பைலரைத்தான் எடுக்கிறார்களாம். சொல்லும்போதே நெஞ்சைத் தடவினான். வெறும் காஸ், வாயுப் பிடிப்பு என்றான். "இன்னொருக்காப் பாத்துட்டுக் காலைல சொல்றன்."

அந்தப் பிழையோடு கம்பைலரின் புதிய பதிப்பு இன்று பகல் ஒரு மணிக்கு வெளியாகும். யாரும் தடுக்காவிட்டால் தானாகவே போய்விடும். தடுக்க வேண்டியவன் கூடத்தில் கிடந்தான். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

கதவுச் சீலையை விலக்கி, "மாமி, அந்த ஃபேனக் கொஞ்சம் கழட்டச் சொல்லுங்க," என்றாள்.

மகனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாமி நிமிர்ந்து பார்த்தார். "என்ன புள்ள செல்றா? எண்ட புள்ளைக்குப் புழுங்குமே."

"இன்டர்நெட்டு வேணும் மாமி. அவர்ர வேல ஒன்டு..."

கூடம் ஒரு கணம் யாஸீன் ஓதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. "மாப்புள மவுத்தாகி அர நாளாகல்ல," என்று எவளோ ஒருத்தி தொடங்கி, முடிக்காமல் விட்டாள். கமறியாவின் முகம் எரிந்தது. இவர்களுக்கு என்னவென்று விளக்குவது? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கை விளங்கப்படுத்துகிறவள்தான் அவள். சீலையை விட்டுவிட்டாள்.

சற்றுப் பொறுத்து அறையின் மற்றக் கதவுக்கு வெளியே செருமல் கேட்டது. ஸுஹைபின் அண்ணன் ஹஸ்மி. கடலுக்குப் படகு அனுப்புகிறவன். கம்பியூட்டர் என்றால் காத தூரம் ஓடுகிறவன்.

"கமறியா, மையித்தத் தூக்குற நேரம் கடனுக்கு நான் பொறுப்புன்டு ஆக்களுக்குச் செல்லணும். தம்பிக்கு ஆரோடயாச்சும் குடுக்கல் வாங்கல் இரிக்கா?"

"இரிக்கி மச்சான்."

"எவ்வளவு?"

"காசில்ல. ஒரு வார்த்த. அவர் சரின்டு சொன்ன ஒன்டு பிழ. அவர்ர சொல்ல நம்பி ஆக்கள் இரிக்காங்க. பிழைன்டு சொல்லாம அடக்கினா, அது அவர்ர கழுத்துலதான் மச்சான் நிக்கும்."

"ஆர் அந்த ஆக்கள்?"

"எனக்கும் தெரியா. அவங்களுக்குச் சொல்ல ரவுட்டர் வேணும். ஃபேன்ட பிளக்குலதான் அது இரிந்த."

ஹஸ்மிக்கு ரவுட்டர் விளங்கியதோ என்னவோ, கழுத்து விளங்கியது. செருப்புச் சத்தம் போனது. கூடத்தில் ஃபேனின் இரைச்சல் நின்றது. "கொஞ்ச நேரத்துக்கு உம்மா," என்று அவன் சொல்வது கேட்டது.

இணைப்பு வந்தது. அவன் மூடிய அறிக்கையின் கீழே, அவன் கணக்கிலிருந்தே, தன் இங்கிலீஷில் எழுதினாள்: நான் ஸுஹைபின் மனைவி. அவர் இன்று காலை இறந்துவிட்டார். அவர் இந்த அறிக்கையைச் சரி என்று மூடியது பிழை. புதிய பதிப்பை நிறுத்துங்கள்.

அங்கே திருத்துகிறவர்களில் தொமாஸ் என்ற ஒருவன்தான் உடனே பதில் போட்டான்: இது ஸுஹைபின் கணக்கு. நேற்றுக்கூட அவன் எங்களோடு பேசினான். கணக்கை யாரோ திருடியிருப்பதாகச் சந்தேகிக்கிறோம், முடக்கப் போகிறோம்.

ஸுஹைப் செத்ததற்கு இவர்களிடம் சாட்சி வேறு சொல்ல வேண்டுமா? கமறியாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மையித்தைப் படம் பிடித்து அனுப்பலாமா என்றுகூட ஒரு யோசனை வந்து, சீ என்று போனது.

"புள்ள, முகம் மூடப் போறாங்க. கடைசியாப் பாக்க வா," என்று சீலைக்கு அப்பால் மாமியின் குரல்.

"வாறன் மாமி."

எழும்பப் போனவளுக்கு ஸுஹைபின் பல்லவி நினைவுக்கு வந்தது. பிழை என்று யார் வந்து நீட்டி முழக்கினாலும் அவன் ஒன்றுதான் எழுதுவான்: கதை வேண்டாம், காட்டுங்கள். பிழையைக் காட்டுகிற சின்ன நிரல் இல்லாமல் யாருடைய சொல்லையும் அங்கே எடுக்கக்கூடாது. அவன் வைத்த சட்டம் அது.

அவன் திறந்தபடி விட்டுப்போன பக்கங்களைத் தேடினாள். ஒன்றில் ஏழெட்டு வரி நிரல். கீழே விடை. பூச்சியம் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ பெரிய எண் நின்றது. அவ்வளவுதான் அவன் பார்த்து வைத்தது. அதை அப்படியே எடுத்து ஒட்டினாள். வேறு ஒரு சொல்லும் எழுதாமல் அனுப்பினாள்.

"கமறியா."

போனாள். கற்பூரமும் அத்தரும் மணத்தன. மாமி ஒரு காட்போட் அட்டையால் மகனுக்கு விசிறிக்கொண்டிருந்தார், கை ஓயாமல். கமறியா குனிந்தாள். கண்ணீர் மையித்தில் விழக்கூடாது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அவளுக்குக் கண்ணீர் வரவில்லை.

"சொல்லிட்டன்," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அறைக்குத் திரும்பி மடிக்கணினியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தொமாஸ் எழுதியிருந்தான்: ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் பிழை வருகிறது. அதன் கீழே வேறு பெயர்கள், வேறு வேறு நாட்டுக்காரர்கள். எனக்கும். எனக்கும். பதிப்பு நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி. மூடியிருந்த அறிக்கை திறந்திருந்தது.

முற்றத்தில் மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள். ஹஸ்மியின் குரல் உடைந்து வந்தது. "எண்ட தம்பி ஆருக்காச்சும் ஏதாச்சும் குடுக்க இரிந்தா, இனி நான் பொறுப்பு. அவர மன்னிச்சிக்கோங்க."

அறிக்கையின் ஓரத்தில், யார் பொறுப்பு என்ற இடத்தில், ஸுஹைப் என்று இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெயர் மறைந்தது. அந்த இடத்தில் தொமாஸ் என்று வந்தது. இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் கீழே எழுதினான்.

தூக்கிப்போனவர்களின் கலிமாச் சத்தம் வாசலைத் தாண்டி, தென்னந்தோப்புப் பக்கமாகத் தேய்ந்தது. கூடத்தில் யாரோ ஃபேனை மறுபடி போட்டார்கள். ரவுட்டர் அணைந்தது. கமறியா மூடியை மடித்தாள். மடிக்கணினியின் அடி இன்னும் சூடாக இருந்தது. அதை அவள் மடியிலிருந்து இறக்கவில்லை.