மூன்றாம் பேரிங், நாற்பத்தொன்று

எழுதிவிட்டாள். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, லாக் புத்தகத்தில் மூன்றாம் பேரிங்குக்கு நேரே நாலு கட்டத்திலும் நாற்பத்தொன்று. எழுதும்போது ஒன்றும் தெரியவில்லை. இப்போது சாப்பாட்டு மேசையில் ஒரு வாய்கூட இறங்க மாட்டேன் என்கிறது.

அந்தப் பயிற்சிக் கப்பலில் அவளுக்குப் பட்டப்பெயர் சுண்டெலி. எந்தக் குழாய்க்கு அடியிலும் புகுந்து நட்டை முடுக்கிவிட்டு வந்துவிடுவாள். ஆனால் ஷாஃப்ட் டனல் மட்டும் ஆகாது. எஞ்சினிலிருந்து புரொப்பெல்லர் வரை நீண்ட தண்டு சுழலும் சந்து அது. குனிந்துதான் போக வேண்டும். போன வாரப் பயிற்சியில், அவள் உள்ளே இருப்பது தெரியாமல் இரும்புக் கதவை மூடிவிட்டார்கள். நாலே நிமிடம்தான். அன்றிலிருந்து அந்த வாசலைச் சுற்றிக்கொண்டுதான் போகிறாள். தண்டைத் தாங்குகிற மூன்றாம் பேரிங்கின் வெப்பமானி அந்தச் சந்தின் கடைக்கோடியில் இருந்தது. பாய்லர் பக்கமே இருந்தவளுக்கு அங்கே அளவு பார்த்து எழுதும் வேலை இன்றுதான் முதல் தடவை. முந்தைய ஆள் நாற்பத்தொன்று டிகிரி என்று எழுதியிருந்தான். அதையே பார்த்து எழுதிவிட்டாள்.

தெரிந்தால் கரைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். பயிற்சி முடிய இன்னும் நாலு நாள். பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் செகண்ட் எஞ்சினியரின் கையெழுத்து மட்டும் பாக்கி. சொந்தபந்தம் மொத்தமும் வேண்டாம் என்றபோது ஒற்றைக்காலில் நின்று அனுப்பிவைத்தவர் அப்பா. போன துறைமுகத்தில் போனை எடுத்ததும் அவர் கேட்டது, "கையெழுத்து ஆச்சாம்மா?"

தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கீழே ஓடினாள். அடுத்த முறைக்காரனான தாடிக்காரன் ஒரு மணிக் கட்டத்தை அப்போதுதான் நிரப்பியிருந்தான். நாற்பத்தொன்று.

"போய்ப் பாத்தியாடா?"

"நீதான் பன்னெண்டுக்குப் பாத்திருக்கியே. ஒரு மணி நேரத்துல என்ன ஆயிடப் போகுது?"

அவளுடைய பொய் குட்டி போட்டுவிட்டது.

"கதவுகிட்டயே நில்லு. செத்தாலும் மூடாத," என்று சொல்லிவிட்டுச் சந்துக்குள் நுழைந்தாள். தண்டு பக்கத்திலேயே உறுமிக்கொண்டு சுழன்றது. கடைசியில் போய் டார்ச் அடித்தால், வெப்பமானிக் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு தடித்துக் கிடந்தது, எண்ணே தெரியவில்லை. துணியால் இரண்டு முறை தேய்த்தாள்.

எழுபத்திரண்டு.

அவள் போட்ட கத்தலில் தாடிக்காரன் மேலே ஓடினான். எஞ்சினின் வேகத்தைக் குறைத்தார்கள். பேரிங்கில் எண்ணெய் அடிமட்டத்துக்குப் போயிருந்தது, ஊற்றினார்கள். சூடு மெல்ல இறங்கியது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் நடுக்கடலில் நின்றிருப்போம் என்றார் செகண்ட். பிறகு லாக் புத்தகத்தை எடுத்தார். தாடிக்காரன் முகத்தில் ஈயாடவில்லை.

"சார், காலையில நாலும் நான் எழுதினது. போய்ப் பாக்கல. பயமா இருந்துச்சு. இவன் என்னை நம்பித்தான் எழுதினான்."

"பாக்காத நம்பரை எழுதுறதும் கப்பல்ல ஓட்டை போடுறதும் ஒண்ணுதான், தெரியுமா உனக்கு?" என்று கத்தினார். அவள் கண்ணில் நீர் முட்டியது. கையிலிருந்த துணியைப் பார்த்து, "என்ன இது, இவ்வளவு கறுப்பு?" என்றார்.

"கண்ணாடியில இருந்தது சார். தொடைச்சாதான் தெரிஞ்சுது."

செகண்ட் மறுபடி லாக் புத்தகத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். நாற்பத்தொன்று. இன்னொரு பக்கம். நாற்பத்தொன்று. பதினொரு நாளும் நாற்பத்தொன்றுதான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், 'சரிபார்க்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே, அவருடைய கையெழுத்து.

நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சீஃப் எஞ்சினியர்கிட்ட முதல்ல நான் போய்ச் சொல்றேன். அப்புறம் நீ வா," என்றார். கையெழுத்துக்காக மேசையில் கிடந்த அவளுடைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்து அவளிடமே நீட்டினார். "இதுல யாரு கையெழுத்து போடணும்னு அவரே சொல்லட்டும். என்னோடது வேணாம்மா."

இரண்டு வருடமாக அவள் காத்திருந்தது அந்தக் கையெழுத்துக்குத்தான். புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டு, டார்ச்சையும் ஒரு சுத்தமான துணியையும் எடுத்துக்கொண்டாள். மணி இரண்டாகப் போகிறது, அடுத்த கட்டம் காலி.