நிழல் உபயம்

அறுபத்தொன்பதாம் வருஷம் சித்திரை மாதம், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பவுலின் என்பவள் குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். குடையின் நிழல் போகவில்லை. மறுநாளும் அங்கேயே கிடந்தது. அவள் கடலை மண்டியில் மல்லாக்கொட்டை உடைக்கிற கூலிக்காரி. மூட்டுவலி வந்த பிறகு மாதா கோயிலில் முழந்தாள்படியிட முடியவில்லை. நின்றபடியே செபம் செய்வதென்றால் யாருக்காவது உபயோகமாக நிற்கலாமே என்று, மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு வெறுங்காலில் இறங்கி பஸ்ஸுக்குக் காயும் சனங்களுக்கு ஞாயிறுதோறும் குடை பிடித்தாள். அன்பாகப் பேசவெல்லாம் அவளுக்கு வராது. பிள்ளை தலையில் துணி போடக்கூடத் தெரியாதா என்று திட்டிக்கொண்டேதான் பிடிப்பாள். வாராவாரம் குடையகலமாகச் சேர்ந்த நிழல், சில வருஷங்களில் கல்யாணப் பந்தல் அளவுக்கு ஆகிவிட்டது.

ஊர்ப் பெரிய மனுஷர்கள் சும்மா இருப்பார்களா? பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அந்த இடம் ரைஸ்மில் பொன்னுரங்கத்தின் பட்டா நிலம். கோயிலுக்கு டியூப்லைட் கொடுத்தால்கூட வெளிச்சம் வெளியே வர வழியில்லாமல் தன் பெயரை எழுதிக் கொடுக்கிற புண்ணியவான் அவர். நிழல் தன்னுடைய உபயம் என்று பவுலின் ஊரறியச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அங்கே குடோன் எழும்பும் என்று சொல்லியனுப்பினார். பொய் பாவம் என்பது ஒருபுறம், அந்த ஆளின் பெயரைச் சொல்லவே அவளுக்கு வாய் கூசியது. ஆனால் குடோன் வந்தால் மலைச்சனம் மறுபடி வெயிலில் கருகும். அவர் கூட்டிய கூட்டத்தில் மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

"கொடையும் மொதலாளிது, நெழலும் மொதலாளிது. நான் சும்மா புடிச்சிக்கினு நின்னேன்."

கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து ஆத்திரம் தாங்காமல் அழுதாள்.

பொன்னுரங்கம் நிழலின் நடுவே சிமெண்ட் பூசி, ஆள் நீளத்துக்குத் தன் பெயரைச் சிவப்பில் எழுதவைத்தார். பெயின்ட் காய்ந்ததும் அந்த எழுத்துகளை மட்டும் விட்டு நிழல் விலகிக்கொண்டது. சுரண்டிப் பார்த்தார், பெயின்ட் போயிற்று, வெயில் எழுத்து எழுத்தாக அப்படியே நின்றது. மிதித்தவர்களுக்குக் கொப்புளம். சேலம் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பவுலினைக் கூப்பிட்டு, இதைச் சரிசெய்கிறாயா, குடோன் கட்டட்டுமா என்றார்.

"எனக்கு இன்னா தெரியும்? உங்க பேருக்கு நெழலு வேணும்னா நீங்களே புடிங்க."

பிடித்தார்! முதலில் ஆள் வைத்தார், அவன் பீடி குடிக்கப் போய்விட்டான். அப்புறம் மில் முதலாளியே மத்தியானந்தோறும் தன் பெயருக்குக் குடை பிடித்து நின்றார். மானம்கெட்ட பிழைப்பு என்று ஊரே சொன்னது, அவர் காதில் ஏறவில்லை. ஒருநாள் சின்னப்பொண்ணு என்ற மலைக்காரி, காய்ச்சல் பிள்ளையோடு வந்தவள், வேறெங்கும் இடமில்லாமல் அவர் குடையடியில் பிள்ளையைக் கிடத்தினாள். அவர் அதட்டினார். ஆள் யாரென்று அவளுக்குத் தெரிந்தால்தானே!

"அண்ணே, கொஞ்சம் இப்பிடி சாச்சிப் புடிங்க. புள்ள மூஞ்சில வெயிலு அடிக்குது."

சாய்த்தார். பஸ் வர வெகுநேரமாயிற்று. கை கடுத்தும் குடையை நிமிர்த்தவில்லை. பெயர் பாட்டுக்கு வெயிலில் கிடந்தது. அவர் குடையை மடக்கிக்கொண்டு போனபோது, பிள்ளை கிடந்த இடத்து நிழல் அவரோடு போகவில்லை.

பவுலின் வந்து பார்த்தாள். "தூ, இந்தாளுக்குமா?" என்றாள். ஆண்டவருக்கு ஆள் பார்க்கவே தெரியவில்லை என்று அவளுக்கு நிஜமாகவே கோபம். அடுத்த ஞாயிறு அவர் பக்கத்திலேயே நின்று, ஒழுங்காகச் சாய்த்துப் பிடிக்கத் தெரியாதா என்று அவரையும் திட்டினாள். குடோன் பேச்சு அப்புறம் எழவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாக நிழலுக்குள் போய்விட்டன. அங்கே யார் பெயர் இருந்தது என்று இன்று யாருக்கும் தெரியாது; பஸ் வரும்வரை நிற்கிறார்கள், வந்ததும் ஏறிப் போகிறார்கள்.