மிளகாய்க் கை

சாம்பார் கொதிக்க ஆரம்பித்ததும் தனத்துக்குக் கண் தெரியாமல் போகும்.

கண்ணில் புதிதாகக் கோளாறு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே கிட்டப்பார்வை. மைனஸ் ஏழு பவரில் தடித்த கண்ணாடி. அண்டாவின் மூடியைத் தூக்கினால் ஆவி வந்து கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். துடைத்து மாட்டுவதற்குள் அடுத்த அண்டா பொங்கும். காட்டாங்குளத்தூரில் ஒரு தனியார் கல்லூரியின் கேன்டீனில் பல வருடங்களாக அவள்தான் அடுப்பில் நிற்கிறாள். சோப்பைத் தேய்த்துத் துடைத்தால் கண்ணாடியில் ஆவி படியாது என்று யாரோ சொன்னார்கள். அதையும் செய்து பார்த்தாள். முதல் அண்டா வரைக்கும் தாங்கியது.

டிசம்பரில் ஒரு காலை, கண்ணாடி வெள்ளையாக மூடியிருந்த நேரத்தில், அண்டாவின் விளிம்பு என்று நினைத்துப் பெரிய கரண்டியை வெறும் காற்றில் சாய்த்தாள். கொதிக்கிற சாம்பார் இடது பாதத்தில் கொட்டியது. கேன்டீன் கான்ட்ராக்டர் ராஜகோபாலன் தானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். திரும்பும் வழியில், இனிமேல் நீ காய் வெட்டும் பக்கம் போய்விடு, அங்கே வெட்டுகிற கிளியம்மாள் அடுப்பைப் பார்க்கட்டும் என்றார். அவர் கோபப்பட்டுச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அக்கறையாகச் சொன்னதால் அதுவும் முடியவில்லை.

காய் வெட்டுவது என்றால் விடிவதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மத்தியானம்தான் எழுந்திருக்க முடியும். சம்பளமும் குறையும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ‘தனம் அக்கா சாம்பார்’ என்று பிள்ளைகள் கேட்டு வாங்குவார்கள். அவளுக்கென்று வெளியே இருந்த பெயர் அது ஒன்றுதான். கண்ணுக்குள்ளே வைக்கிற லென்ஸ் போட்டுக்கொள்கிறேன் சார், பொங்கல் லீவு முடியும்வரை டைம் கொடுங்கள் என்று கேட்டாள். அவர் சரி என்றார்.

கிளியம்மாளுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை.

“அடுப்பாண்ட நின்னா அது உருகிப் போயி கண்ணுலயே ஒட்டிக்குமாம்டி. அப்பால ஆப்பரேசன்தான். எனக்கு உன் அடுப்பும் வாணாம், ஒண்ணும் வாணாம். உக்காந்துகினு வெட்டிட்டுப் போறேன். ஆனா நீ கண்ண கெடுத்துக்காத.”

ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் உள்ள கண்ணாடிக் கடைக்குப் போனாள். துணைக்கு வந்த கணவன் அன்பு, மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே வந்திருந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான், தூங்கிப் போனான். அவர்கள் வீட்டில் பல வருடமாக இதுதான் நடக்கிறது. ஒருவர் எழும்போது மற்றவர் படுப்பார். வாசலில் எதிர்ப்படும்போது கேஸ் தீர்ந்ததையும் பால் வந்ததையும் சொல்லிக்கொள்வார்கள்.

கடையில் கண் பரிசோதிப்பவள் இரம். கடைக்காரரின் மகள், அதற்கென்றே படித்தவள். மூன்று வகை லென்ஸை எடுத்து மேசையில் வைத்து நிதானமாகச் சொன்னாள். கெட்டியான லென்ஸ் வருடக் கணக்கில் உழைக்கும், ஆனால் பழகும்வரை உறுத்தும், தூசி விழுந்தால் உயிர் போகும். மெத்தென்ற லென்ஸில் ஒன்று மாதம் முழுக்கப் போடுவது. தினமும் கழற்றி அதற்கான மருந்துத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். இன்னொன்று ஒரே நாள் போட்டுவிட்டு எறிவது. எதுவானாலும் அடுப்புச் சூட்டில் உருகாது என்றும் சொன்னாள். கிளியம்மாளுக்காக தனம் அதைக் கேட்டு வைத்துக்கொண்டாள்.

தினமும் எறிவதா? தனத்துக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. மாத லென்ஸ் போதும் என்றாள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று இரம் கேட்டாள். சமையல் என்றாள் தனம். இரம் தலையாட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் லென்ஸைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள்.

போடவும் கழற்றவும் பழகுவதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் இரண்டு லென்ஸும் கண்ணில் நின்றபோது எல்லாமே ஒரு சுற்றுப் பெரிதாகத் தெரிந்தன. தடித்த கண்ணாடி இத்தனை நாளும் உலகத்தைச் சின்னதாக்கித்தான் காட்டியிருக்கிறது. வாயைப் பிளந்து தூங்கும் அன்புவின் முகமும் பெரிதாகத் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே இவ்வளவு கறுப்பு எப்போது விழுந்தது என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் அடுப்படியில் ஆவி எழுந்தது, முகத்தில் அடித்தது, போயிற்று. கண் தெளிவாக இருந்தது. பருப்பு எங்கே குழைகிறது, எங்கே அடி பிடிக்கிறது என்று எட்டிப் பார்த்தே தெரிந்தது. ராஜகோபாலன் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, வலது கண்ணில் விரலை வைத்தாள். கண்ணுக்குள் நெருப்பை வைத்தது போலிருந்தது.

தனம் எதையும் கரண்டியால் அளப்பதில்லை. உப்பு, புளி, மிளகாய்த்தூள் எல்லாமே கையால்தான். மிளகாய்த்தூள் டின்னுக்குள் கையை விட்டு, அள்ளி, விரலிடுக்கில் கொஞ்சம் சிந்தவிட்டு, மீதியை அண்டாவில் போடுவாள். எத்தனை கை என்பது அவள் கைக்குத்தான் தெரியும். அந்தக் காரம் தோலில் ஊறிவிட்டால் சோப்புக்கெல்லாம் போகாது. ராத்திரி எண்ணெய் தடவிப் படுத்தால் விடியும்போதுதான் அடங்கும். இத்தனை வருடமும் அந்தக் கையைக் கண்ணுக்குள் விட அவசியம் வந்ததில்லை.

லென்ஸ் கிழிந்து வந்தது. அடுத்த கண்ணிலும் அதே கை. அன்றிரவு ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு கிடந்தாள். காலையில் சிவந்த கண்ணோடு வந்தவளைப் பார்த்த ராஜகோபாலன், லீவு முடிந்து காலேஜ் திறக்கிற திங்கட்கிழமை கடைசி என்றார். அன்றைக்கும் ஏதாவது ஆனால் கிளியம்மாள்தான்.

கண் ஆறும்வரை கண்ணாடியோடு ஓட்டினாள். கையுறை போட்டு அள்ளிப் பார்த்தாள். ரப்பருக்குள் கைக்கு அளவு பிடிபடவில்லை. அன்றைய சாம்பாரைப் பிள்ளைகள் தட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

பொங்கல் லீவில் மறுபடியும் தாம்பரம். இரம் அவள் விரலைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

“அக்கா, சமையல்னு சொன்னீங்களே. எத்தன பேருக்கு?”

“ரெண்டாயிரம் பேருக்கு மேடம்.”

இரம் அவள் விரலை விட்டாள். பிறகு, நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும் என்றாள். தனம் வீட்டுச் சமையலைச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாளாம். மாத லென்ஸை உடனே எடுத்து ஓரம் வைத்தாள். மெத்தென்ற லென்ஸில் காரம் ஒரு தடவை ஏறிவிட்டால் ஊற வைத்தாலும் முழுதாகப் போகாது, மறுநாள் போட்டாலும் எரியும். தினமும் புதிதாகப் போட்டு, கழற்றியதும் எறிகிற வகைதான் இவளுக்குச் சரி. லென்ஸோடு தூங்கவும் கூடாது. விடியற்காலை போட்டதை அடுப்பு அணைந்ததும் கழற்றிவிட வேண்டும். காலையில் சுத்தமான கையோடு தனமே போட்டுக்கொள்ளலாம். கழற்றுவதுதான் சிக்கல். கையுறையோடு கழற்றச் சொல்லிப் பார்த்தாள். ரப்பர் வழுக்கியதே தவிர லென்ஸ் விரலில் சிக்கவில்லை.

“அப்போ வேற ஒருத்தர் கைதான் வேணும்க்கா. வீட்ல யாரு இருக்கா?”

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலியில் அன்பு தூங்கிக்கொண்டிருந்தான்.

எழுப்பி விஷயத்தைச் சொன்னதும் அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இயந்திர எண்ணெயில் ஊறி விரல்நுனி காய்த்துப் போயிருந்தது. கண்ணுக்குள்ளே என் கையா, ஆளை விடுங்கள் என்றான். இரம் விடவில்லை. கையைக் கழுவித் துடைக்கச் சொன்னாள், நகத்தை வெட்டச் சொன்னாள். மேல் இமையை இப்படித் தூக்கணும், லென்ஸை மெல்ல வெள்ளைவிழிக்குத் தள்ளணும், ரெண்டு விரலால கிள்ளுற மாதிரி எடுக்கணும் அண்ணா. அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. தனத்தின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் அவன் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. கண்ணைச் சிமிட்டாதே என்று ஒவ்வொரு தடவையும் அதட்டினான். ஆறாவதோ ஏழாவதோ தடவையில் வந்தது.

லீவில் வீட்டில் தினமும் பழகினார்கள். இரண்டாவது தடவையிலேயே லென்ஸ் வரத் தொடங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோதுதான் ஷிப்ட் அட்டவணை வந்தது. அந்தத் திங்கட்கிழமை முதல் அன்புவுக்கு செகண்ட் ஷிப்ட். அவள் வீட்டுக்கு வரும்போது அவன் வேலையில் இருப்பான். அவன் திரும்பும்போது நள்ளிரவு. விடியுமுன்னே எழுந்திருக்கும் தனம் சாப்பிட்டதும் சாய்ந்துவிடுவாள்.

கிளியம்மாளைக் கேட்க முடியாது. பச்சை மிளகாய் நறுக்கும் கை அது. கேஷில் உட்காரும் ஏஞ்சல், இமையைத் தூக்கிக் காட்டியதுமே தலை சுற்றுகிறது என்று போய்விட்டாள். காய் பக்கமே போய்விடுகிறேன் என்று ஞாயிறு காலை தனம் சொன்னாள். சொல்லும்போது அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுப்பாக இருந்தது. அன்பு சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

“அடுப்பு எப்போ அணைப்பீங்க?”

“ரெண்டாவது பந்தி முடிஞ்சதும். ஏன்?”

“எங்க கம்பெனி பஸ்ஸு உங்க காலேஜ் கேட்டு வழியாத்தான் போவுது.”

திங்கட்கிழமை சாம்பார் அவள் கைக்கு வந்த மாதிரியே வந்தது. கண் ஒரு நிமிடம்கூட மறையவில்லை. ஆனால் விடியுமுன் தொடங்கிய நிற்பு, ஆறாத பாதம், மத்தியான வெயில். அடுப்பை அணைத்துவிட்டு கேட்டுக்கு நடக்கையில் கால் தரையில் இழுபட்டது. செக்யூரிட்டி அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கேஸ் சிலிண்டர் வண்டியை எதிர்பார்த்து ராஜகோபாலனும் கேட்டில் நின்றிருந்தார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ் ஒதுங்கி நின்றது. யூனிபார்மோடு அன்பு இறங்கினான். கையில் சோப்புப் பெட்டி, துவைத்த கைக்குட்டை. செக்யூரிட்டி அறைக் குழாயில் கையைக் கழுவி, துடைத்து, அவள் முன்னால் குந்தினான். வலது கண் லென்ஸ் முதல் தடவையிலேயே வந்துவிட்டது. பஸ் ஜன்னலில் தலைகள் முளைத்தன.

“மச்சான், பொண்டாட்டி கண்ணுல இன்னாடா தொலைச்ச?”

போகிற வருகிற மாணவர்கள் ஒரு நொடி பார்த்துவிட்டுப் போனார்கள். இடது கண்ணில் லென்ஸ் மேலே ஏறி இமைக்குள் ஒளிந்துகொண்டது. அன்பு கீழே பார்க்கச் சொன்னான், மேலே பார்க்கச் சொன்னான். தண்ணீர் வழிந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். ராஜகோபாலன் சிலிண்டர் வண்டியை மறந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பஸ்ஸு போயிடும், நீங்க கெளம்புங்க. நான் எப்பிடியாச்சும் எடுத்துக்கறேன்.”

“பேசாத. நீ பேசினா கண்ணு ஆடுது.”

இன்னொரு ஹாரன். பிறகு பஸ் நகர்ந்து போயிற்று. அன்பு திரும்பிப் பார்க்கவில்லை. இமையின் மேல் விரலை வைத்து மெல்லத் தடவித் தடவி லென்ஸைக் கீழே கொண்டுவந்தான். கிள்ளினான். விரல்நுனியில் அது சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

“எரியுதா?”

“இல்ல.”

லேட் மார்க் விழப் போகிறதே என்றாள். நாளைக்கு டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன் என்றான். சாப்பிட்டாயா என்று கேட்டான். அவள் தலையாட்டியது ஆமாம் என்றா, இல்லை என்றா என்று பார்க்க அவனுக்கு நேரமில்லை. மறைமலை நகர் பக்கம் போகும் ஷேர் ஆட்டோ வந்துவிட்டது, ஓடிப்போய் ஏறினான். தனம் இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டியபோது ரோடு பழையபடி சின்னதாகியிருந்தது. எந்த ஆட்டோ என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ராஜகோபாலன் அருகில் வந்தார். அவள் கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிவப்பு இல்லை.

“நாளைக்குப் புளி எவ்வளவு ஊறப் போடச் சொல்லட்டும், தனம்?”

அடுப்பில் நிற்கப் போகிறவர்களிடம்தான் அவர் அதைக் கேட்பார். கிளியம்மாள் உள்ளே இருக்கிறாள், அவளிடம் கேட்கவில்லை. இன்றைக்கு ஊற வைத்த அளவே போதும் சார், புளி புதுசு என்றாள் தனம்.

அவர் உள்ளே போனார். பின்னாலேயே போய்ப் பாத்திரங்களை ஒழித்துப் போட வேண்டும். சந்தோஷப்பட வேண்டிய நேரம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. அதை ராத்திரி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று பட்டது. இப்போதைக்கு இன்னும் கொஞ்சம் உட்கார வேண்டும் போலிருந்தது. பெஞ்சிலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.