இடது கையெழுத்து

இளம்பிள்ளையில் எண்பத்தாறாம் வருசம் ஐப்பசி மழை விடாமல் ஊற்றியது. ஈர வாசலில் வழுக்கிய கமலவேணி வலது கையை ஊன்றி விழுந்தாள், மணிக்கட்டு போயிற்று. மூங்கில் பத்தை, முட்டைப் பத்து என்று எட்டு நாள் கட்டிப் பார்த்தார்கள். கட்டை அவிழ்த்தால் கை கவிழ்த்த கரண்டி மாதிரி வளைந்து நின்றது.

சேலத்து டாக்டர் எக்ஸ்ரேயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு சில்லுச் சில்லாகக் கிடக்கிறது, மாவுக்கட்டில் நிற்காது, மறுபடி நழுவும். திறந்து தகடு வைத்துத் திருகாணி முடுக்கினால் கை பழையபடி வரும் என்றார்.

கூட வந்த வீரபாகு தலையை ஆட்டினார். புருசனின் அண்ணன். வீட்டிலிருந்த மூன்று தறிக்கும் அவர் வைத்ததுதான் சட்டம்.

"பொம்பளக் கையிக்கு இரும்பு எதுக்குங்க டாக்டரு? வளைஞ்சே சேரட்டும். தார்க்குச்சியில நூலு சுத்திக்கிட்டு ஊட்டோட கெடக்கட்டும். தறியில வேற ஆளு வெச்சுக்கறேன்."

பதினோரு வருசம் அந்தத் தறியில் பட்டு நெய்தவள் கமலவேணி. உடைந்த எலும்பைவிட இதுதான் குத்தியது. புருசன் பாலசுந்தரமோ சுவரைப் பார்த்தபடி நின்றான்.

"ஏனுங்க, செவுத்துல என்ன எழுதியிருக்குது? வாயத் தொறங்க."

"அண்ணன் சொல்றாருல்ல..."

"உங்கண்ணன் கையா ஒடஞ்சிருக்குது?"

நர்சு சம்மதக் காகிதத்தை நீட்டி, வீட்டு ஆம்பளை யாராவது கையெழுத்துப் போடணும் என்றாள்.

"ஒடஞ்சது எங்கையி. கொண்டாங்க இங்க."

டாக்டர் மறுக்கவில்லை. பேனாவை இடது கையில் வாங்கினாள். பெயரின் ஐந்து எழுத்தும் ஐந்து திசைக்குப் போயின.

"நாலெழுத்துப் படிச்ச திமிரு," என்றார் வீரபாகு.

"ஆமாங்க மாமா. இன்னும் ரெண்டு காயிதம் இருந்தாலும் போடுவேன்."

மூன்றாம் மாதம், தழும்பு காய்ந்த கையோடு தறிக்குழியருகே வந்து நின்றாள். உள்ளே அவள் இடத்தில், வீரபாகு கூலிக்கு வைத்த ரங்கன் உட்கார்ந்திருந்தான்.

"ரங்கண்ணா, எந்திரிங்க."

"மறுக்கா ஒடஞ்சா ஆசுபத்திரிக்கு நான் வரமாட்டேன், பாத்துக்க," என்றார் வீரபாகு.

"போன தடவ வந்து என்னத்தப் பண்ணுனீங்க மாமா?"

குழிக்குள் இறங்கிக் கயிற்றைச் சுண்டினாள். ஊடை நூலோடு மறுகரைக்கு ஓட வேண்டிய நாடா பாதிப் பாவில் நின்றுவிட்டது. மணிக்கட்டுக்குள் சுள்ளென்றது. வீரபாகு தொண்டையைச் செருமினார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாடாவைத் தள்ளிவிட்டு மறுபடி சுண்டினாள். அதுவும் எட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவை சுண்டியபோது, நாடா மறுகரையில் போய் 'டக்'கென்று மோதியது.

ரங்கன் கொடியில் கிடந்த தன் துண்டை எடுத்துக்கொண்டான்.