நாற்காலி இல்லாத காபிக்கடை

காபிக்கடைக்காரரை மிரட்டிவிட்டுத்தான் போலீஸ் அதிகாரி போனார். காபியைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "அந்தக் காலத்துல வெளிநாட்டு ராஜாக்களே காபிக்கடைன்னா பயந்து மூடச் சொன்னாங்க, தெரியுமா? ஆலை வேலைநிறுத்தப் பேச்செல்லாம் இங்க உட்கார்ந்துதான் நடக்குது. யார் என்ன பேசறாங்கன்னு எழுதிக் கொடுங்க. இல்லேன்னா நாற்காலியை எடுத்துடுங்க, நின்னு குடிச்சிட்டுப் போகட்டும்" என்றார்.

எழுதினால் முதல் பெயரே மனைவியின் தம்பியுடையதுதான்.

மறுநாள் விடிந்ததும் நாற்காலிகளைப் பின்னறையில் போட்டுப் பூட்டினார். ஆலையிலிருந்து வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். மச்சினன்தான் வாயைத் திறந்தான்.

"என்ன மாமா, நேத்து போலீஸ் வந்துட்டுப் போனதும் தொடை நடுங்கிடுச்சா?"

உள்ளதைச் சொன்னால் அவன் அதிகாரியிடமே சண்டைக்குப் போய் நிற்பான்.

"இடம் பத்தலைப்பா" என்று மழுப்பினார்.

அவன் டம்ளரைத் தொடாமலே இறங்கிப் போனான். மற்றவர்கள் நின்றபடியே மடமடவென்று குடித்துவிட்டுக் கலைந்தார்கள். காபி கொதிக்கும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

சாயங்காலம் மனைவி கண் கலங்க வந்தாள். "தம்பி இனிமே நம்ம வாசப்படி மிதிக்க மாட்டானாம். அப்படி என்னதாங்க சொன்னீங்க அவன்கிட்ட?"

"ஒண்ணும் சொல்லலையே" என்றார்.