கேமராவுக்குத் தெரியாத தவிட்டம்மாள்

சின்னசேலத்திலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் உள்ள ஜவ்வரிசி ஆலையில் கேமராக்கள் பொருத்தி முடித்த அன்று, எந்தக் கேமராவிலும் தவிட்டம்மாள் தெரியவில்லை. மற்றவர்கள் எல்லோரும் தெரிந்தார்கள். அவளோடு களத்தில் வேலை செய்யும் ஆண்டாள் வெற்றிலையை மடித்து வாயில் அதக்குவது தெரிந்தது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த லாரி டிரைவர் லுங்கியை உதறிக் கட்டுவது தெரிந்தது. உலர்த்தும் களத்தின் மேற்குப் பாதியில் மட்டும், நீளக் கழியில் பலகை அடித்த வாரி ஒன்று ஆளில்லாமல் போவதும் வருவதுமாக இருந்தது. அதன் பின்னால் ஈர ஜவ்வரிசி ஒழுங்காகப் புரண்டு வெயிலுக்கு முதுகைக் காட்டியது. மத்தியானம் ஒரு தூக்குச்சட்டி தரையிலிருந்து எழும்பி, இடுப்பு உயரத்தில் மிதந்து குழாயடிக்குப் போய், கழுவப்பட்டுத் திரும்பி வந்தது. உடுத்திய புடவையும் தலையில் கட்டிய துண்டும் அவளோடு சேர்ந்து மறைந்தன. கையில் பிடித்தது மட்டும் தெரிந்தது.

கேமரா பொருத்தியவன் கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருக்கும் பைசல். அந்த ஆலை அவனை முதல் நாளிலிருந்தே படுத்தியது. ஆலை சாலைக்கு இந்தப் பக்கம், களம் அந்தப் பக்கம். சாலைக்குக் குறுக்கே கேபிள் இழுக்க வழியில்லாததால், இரண்டு கம்பங்களை நட்டு, ஒன்றையொன்று பார்க்கும்படி தட்டுகளை மாட்டி, படத்தைக் காற்று வழியாகவே கடத்தினான். தட்டின் மேல் மயில் வந்து உட்கார்ந்தால் களம் முழுவதும் திரையிலிருந்து போய்விடும். கண்ணாடிகளில் மாவுத் தூசி படிந்தது. கேமராவின் இரவு விளக்குக்குப் பூச்சி வந்தது, பூச்சிக்காகச் சிலந்தி வந்தது, சிலந்தி கட்டிய வலை அசைந்ததைத் திருடன் என்று நினைத்துக் கேமரா சென்னையில் இருக்கும் முதலாளிக்குத் தகவல் அனுப்பியது. கேபிளை அணில் கடித்ததால் குழாய்க்குள் விட்டான். குழாய்க்குள் குளவி கூடு கட்டியது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் இடி மழை, வரும்போதெல்லாம் ஒரு பதிவுப் பெட்டியையாவது கருக்கிவிட்டுப் போனது. தவிட்டம்மாள் தெரியாததையும் இந்த வரிசையில் இன்னொரு பழுது என்றுதான் பைசல் எடுத்துக்கொண்டான்.

அவளைக் கேமராவுக்கு நேராக நிறுத்திப் பார்த்தான். கோணத்தை மாற்றினான், கேபிளை மாற்றினான், கடைசியில் கேமராவையே மாற்றினான். கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினான். எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துவிட்டுப் போடச் சொன்னார்கள். அணைத்துவிட்டுப் போட்டான்.

"இன்னா தம்பி, போட்டா புடிக்கிறியா? சொல்லியிருந்தா தலையாவது வாரிக்கினு வந்திருப்பேன்."

"போட்டா இல்லம்மா. நீங்க கேமராவுல விழ மாட்டறீங்க."

"அது விழாது தம்பி. நீ வெயில்ல நிக்காத."

ஏன் விழாது என்பது மலையடிவாரத்தில் அவள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. அதனால் அவள் பிறந்ததும் குப்பைமேட்டில் ஒரு புரட்டு புரட்டி, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். விற்ற பிள்ளை நம் பிள்ளை இல்லை, அதன்மேல் எந்தக் கண்ணும் விழாது என்பது கணக்கு. பிள்ளை பிழைத்துக்கொண்டால் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்வது வழக்கம். தவிட்டம்மாளின் தாய் மட்டும், பிழைத்த பிறகும் பயம் தீராமல், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று தள்ளிப்போட்டே செத்துப்போனாள். அப்படியாக எந்தக் கண்ணும் விழாமலே அவள் வளர்ந்தாள். மனிதர் கண்ணுக்குத் தெரிந்தாள், ஆனால் பந்தியில் அவள் இலையைத் தாண்டிச் சோறு போகும். கல்யாணப் படத்தில் அவள் புருஷன் சடையன் தனியாக உட்கார்ந்து காற்றுக்குத் தாலி கட்டிக்கொண்டிருந்தார். ஆதார் அட்டையில் அவள் இடத்தில் பின்னால் கட்டியிருந்த நீலத் துணி மட்டும் விழுந்தது. கைரேகை ஒத்துப்போனதால் யாரும் கேட்கவில்லை. அந்தச் சடையன் கரும்பு வெட்டப் போன இடத்தில் இடுப்பு விட்டுப்போய்ப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. அன்று முதல் அந்த வீட்டில் உலை வைப்பது களத்துக் கூலி ஒன்றுதான்.

கேமரா வந்ததே ஆலை கைமாறியதால்தான். பெரியவர் இறந்தபின் மகன் தமிழ்வேந்தன் பொறுப்பேற்றான். அவனுக்குச் சென்னையில் வேறு தொழில், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஆலையைக் கைபேசியிலேயே நடத்தினான். சாப்பிடும்போது பார்ப்பான், சிக்னலில் நிற்கும்போது பார்ப்பான், தூக்கம் வராதபோது பார்ப்பான். களத்தில் யாராவது உட்கார்ந்தால் மேஸ்திரி இளவரசனுக்குப் போன் வரும். ஆண்டாள் எச்சில் துப்பினாலும் வரும். "யக்கோவ், அந்தத் தவுடு எங்க கெடைக்கும்னு சொல்லு. எங்களையும் ஆளுக்கொரு மொறத்துக்கு வித்துடு" என்று பெண்கள் தவிட்டம்மாளைச் சீண்டினார்கள்.

மேற்குப் பாதியில் ஏன் ஆள் இல்லை என்று தமிழ்வேந்தன் கேட்டான். ஆள் இருக்கிறது, கேமராவில் விழாது என்று இளவரசன் உள்ளதைச் சொன்னான். இல்லாத ஆளின் பெயரில் கூலி எழுதுகிற மேஸ்திரிகளைப் பற்றித் தமிழ்வேந்தன் கேள்விப்பட்டிருந்தான். ஆனால் களம் புரண்டுகொண்டிருப்பதும் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. அவன் களைத்துப்போய் இருந்தான், அதிகம் யோசிக்கவில்லை. "வேலைதான் தானா நடக்குதே இளவரசா, ஆள் எதுக்கு?" என்று கேட்டான். இளவரசன் போனை வைத்துவிட்டுத் தவிட்டம்மாளிடம் போனான்.

"யக்கா, திங்கக்கெழமையிலருந்து வராதீங்கன்னு சொல்லச் சொல்றாருக்கா."

"இன்னா தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் இல்ல. நீங்க தெரியலையாம்."

"உனுக்குத் தெரியிறனா?"

"எனக்குத் தெரியிறீங்க. நானா கூலி குடுக்கறேன்?"

திங்கட்கிழமை தவிட்டம்மாள் வழக்கமான பஸ்ஸில் வந்து, வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கினாள். ஒரு வாரம் இடத்தை விட்டால் வேறு ஆள் வந்துவிடும், பிறகு அந்த இடம் அவளுடையது இல்லை. கூலி கிடையாது என்று இளவரசன் சொன்னான். "முதலாளி ஒரு நாளைக்கு நேர்ல வராமயா போவாரு, அன்னிக்குப் பாக்கட்டும்" என்றாள். இளவரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிழங்கு மேடைக்குப் போய்விட்டான். பெண்கள் அவளுக்குத் தங்கள் தூக்கிலிருந்து சோறு வைத்தார்கள். சடையனுக்கும் கொஞ்சம் கட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் வீடுகளிலும் அரிசி அளந்துதான் வேகிறது என்பதால், வாங்கும்போது அவள் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். கோடை முழுவதும் இப்படிப் போனது. சூடேறிய தளத்தில் பாதம் வெடித்து, சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே தூங்கினாள்.

தமிழ்வேந்தனுக்கு முதலில் தன் கணக்கு சரியானதில் சந்தோஷம். ஆளை நிறுத்தியாகிவிட்டது, வேலை நிற்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது, வாரி நடுக் களத்தில் நின்றது. கழி சாய்ந்து, யாரோ அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டதுபோல் சற்று நேரம் அசையாமல் இருந்துவிட்டு, மறுபடி கிளம்பியது. அவன் கைபேசியைத் தன் தாய் செந்தமிழ்ச்செல்வியிடம் நீட்டினான். அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது கூடத் தெரியலையாடா? களத்து அம்மன். நம்ம நெலத்துல எறங்கி வேலை செய்யறா. வேலை செய்யறவளுக்கு ஒரு வாய் சோறு போடாம இவ்ளோ நாளு வேடிக்கை பாத்துக்கினு இருந்திருக்கியே" என்று திட்டிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து வாராவாரம் களத்தின் மேற்கு ஓரத்தில் படையல் வந்தது. பொங்கல், தேங்காய், பழம், மஞ்சள் புடவை, வெற்றிலை பாக்கின் மேல் காணிக்கை. கூலியை விடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது. தட்டைக் கொண்டுவந்த இளவரசன் யார் முன்னால் வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"சாமி பேர்ல வந்தத நீ தின்னலாமாக்கா?" என்று ஆண்டாள் கேட்டாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள், ஆனால் குரல் கொஞ்சம் தயங்கியது.

"வேலை செஞ்சவளுக்குப் போடுன்னு தான அந்தம்மா சொல்லிச்சாம்? வேற எவ செஞ்சா?" என்று தவிட்டம்மாள் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் பொங்கல் கவளம் கவளமாகக் குறைந்தது. சென்னையில் தாயும் மகனும் கும்பிட்டார்கள்.

அம்மனாக இருப்பது கூலியாளாக இருப்பதைப் போலத்தான் இருந்தது. அதே வெயில், அதே வாரி. அம்மனுக்கு வார விடுமுறை கிடையாது என்பது கூடுதல். ஐப்பசியில் ஒரு காய்ச்சல் ஊரைச் சுற்றியது. தவிட்டம்மாள் மூட்டு மூட்டாக வீங்கிப் பாயில் சடையனுக்குப் பக்கத்திலேயே விழுந்தாள். மேற்குப் பாதி புரளவில்லை. கிடைத்த வெயிலும் வீணாகி, ஜவ்வரிசி கட்டி கட்டியாகப் புளித்தது. அந்த நாற்றம் சாலையில் போன பஸ்ஸுக்குள் எல்லாம் ஏறியது. அம்மன் கோபித்துக்கொண்டாள் என்று சென்னையில் முடிவானது. பொறுப்பேற்றதிலிருந்து வராத தமிழ்வேந்தன் தாயையும் ஒரு ரோஜா மாலையையும் ஏற்றிக்கொண்டு உளுந்தூர்பேட்டை வழியாக வந்து சேர்ந்தான்.

அன்றுதான் தவிட்டம்மாளும் காய்ச்சல் விட்டு, காலை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். பெண்கள் வரிசையாக நின்றார்கள். தமிழ்வேந்தன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். எல்லோரையும் திரையில் பார்த்திருக்கிறான். இவளிடம் வந்ததும் நின்றான்.

"நீங்க யாரும்மா? உங்கள நான் பார்த்ததே இல்லையே."

இளவரசன் தரையைப் பார்த்தான். நிறுத்திய ஆளை இத்தனை மாதம் உள்ளே விட்டது தெரிந்தால் அவன் வேலையும் போகும். படையல் தட்டு யார் வீட்டுக்குப் போனது என்று தெரிந்தால் அவளுக்கு வேலை போவதோடு நிற்காது. இந்த நாளுக்காகத்தான் அவள் கோடை முழுவதும் காத்திருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தும் இருந்தாள். இப்போது ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை. முட்டி மட்டும் வலித்தது.

"மேற்கால பாதி என்னுது" என்றாள்.

செந்தமிழ்ச்செல்வி மகனை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அப்ப இன்னா கொறை வச்சோம்? சொல்லு தாயே."

"நெழலு இல்லம்மா. நாள் முழுக்க வெயிலு. ஒக்கார எடம் கெடையாது. தண்ணி குடிக்கணும்னா ரோட்டத் தாண்டணும். உக்காந்தா போன் பண்றீங்க. காலு வலிக்குதும்மா, எங்க எல்லாருக்கும் வலிக்குது."

அருள் வந்தவர்கள் ஆடுவார்கள், குரல் மாறும். அவளுக்கு ஆட உடம்பில் தெம்பு இல்லை, குரலும் அவளுடையதாகவே இருந்தது. ஆனால் பெரிய வீட்டு அம்மாளிடம் களத்து ஆள் ஒருத்தி நிமிர்ந்து நின்று இப்படிப் பேசி அந்த ஆலையில் யாரும் கேட்டதில்லை. அப்போது ஆண்டாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். அடுத்தவள் சேர்ந்தாள், பிறகு வரிசை முழுவதும். செந்தமிழ்ச்செல்வி மாலையைத் தவிட்டம்மாளின் கழுத்தில் போட்டுவிட்டுக் களத்திலேயே விழுந்து கும்பிட்டார். தமிழ்வேந்தன் பக்கத்தில் மாட்டியிருந்த கேமராவைப் பார்த்தான், கைபேசியைப் பார்த்தான். திரையில் அவன் தாய் ஒன்றுமில்லாத இடத்தின் முன்னால் விழுந்து கிடந்தார். அவனும் விழுந்தான்.

மார்கழிக்குள் கோயில் எழும்பிவிட்டது. மூன்று பக்கம் சுவர், மேலே கான்கிரீட் கூரை, நடுவில் ஆள் படுக்கும் அளவுக்கு மேடை, பக்கத்தில் தண்ணீர்க் குழாய். சிலை வைக்கவில்லை. ரிஷிவந்தியத்திலிருந்து வந்த ஸ்தபதி முகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு யாராலும் சொல்ல முடியவில்லை. அம்மன் இருக்கிற இடத்தைப் பார்த்து அதட்டுவது மரியாதை இல்லை என்று, களத்தில் யார் உட்கார்ந்தாலும் போன் வருவது நின்றது. படையல் காணிக்கையில் சடையனுக்கு மருந்து ஒழுங்காகக் கிடைக்கிறது. இரண்டு வருடமாகக் களம் புளிக்கவில்லை. இப்போது வேறு ஆலைக்காரர்களும் வந்து பார்த்துவிட்டு, தங்கள் களத்துக்கும் இப்படி ஒருத்தி கிடைப்பாளா என்று இளவரசனிடம் மெதுவாக விசாரிக்கிறார்கள்.

போன மாதம் கோயிலுக்குத் தனியாக ஒரு கேமரா வேண்டும் என்று சென்னையிலிருந்து சொன்னார்கள். பைசல் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறி, கூரையின் உள்மூலையில் அதைப் பொருத்தி, நெட்வொர்க்கில் சேர்த்தான். கீழே மேடையில் தவிட்டம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் கையிலிருந்த திரையில் மேடை காலியாக, வெள்ளையடித்த சுவரோடு, துல்லியமாக இருந்தது. போனில் தமிழ்வேந்தன் அம்மன் தெரிகிறாளா என்று கேட்டான். நல்லா தெரியுது சார், ஒரு குறையும் இல்லை என்று பைசல் சொன்னான்.

"வேலை முடிஞ்சிதா தம்பி?"

"முடிஞ்சிதும்மா."

"அப்ப கொஞ்சம் காலை நீட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் படுத்துக்கொண்டாள்.